பாவாயி எண்ணெய் ஊற்றிய இரும்பு

எடப்புளி நாட்டில் எந்த ஊரிலும் செல்லமுத்துவைத் தெரியாதவர்கள் கிடையாது. முன்பு நல்லவிதமாகத் தெரியும், பிறகு வேறுவிதமாகத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மலையில் ஒருவனைப் பற்றிய பேச்சு மாறுவதற்கு அடிவாரத்துக் காரவல்லியில் கிளம்பிய பஸ் மலைமேல் சோளக்காட்டில் வந்து நிற்கிற நேரம் போதும். கீழே ஏறும்போது தங்கமான மனுஷனாக இருந்தவன் மேலே இறங்கும்போது படுபாவி ஆகியிருப்பான். செல்லமுத்துவுக்கும் அதுதான் நடந்தது.

ஆள் ஐம்பதைத் தாண்டியவர். நெட்டையான உடம்பு, அளந்து பேசுகிற வாய். மீசை அரும்புகிற வயதில் சேந்தமங்கலத்து அப்துல் சலாம் பாயின் லாரியில் கிளீனராக ஏறினார். பாய் மலையிலிருந்து மிளகும் அன்னாசியும் வாங்கிக் கீழே விற்கிற வியாபாரி. லாரி வளைவில் மூச்சு வாங்கும்போதெல்லாம் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் போடுவதுதான் செல்லமுத்துவின் முதல் உத்தியோகம். கல் போட்ட கைக்குப் பிறகு ஸ்டியரிங் கிடைத்தது. அப்புறம் சொந்தமாக ஒரு பழைய மினி லாரி. மிளகு மூட்டை, மரவள்ளிக்கிழங்கு, பலா, கல்யாணக் கோஷ்டி, பிரசவ வலி கண்ட பொம்பளை, எது வந்தாலும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். அவர் ஓட்டினால் மேலே அடுக்கிய பலாப்பழம்கூட உருளாது என்பார்கள். அதே வாய்கள்தான் பிறகு மற்றதையும் சொல்லின.

மற்றது என்னவென்றால் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் ஒரு காலை, கருப்பனார் வளைவில், செல்லமுத்துவின் வண்டி ரோட்டை விட்டு இறங்கி சில்வர் ஓக் மரங்களுக்குள் உருண்டது. பக்கத்து சீட்டில் இருந்தவர் அப்பாசாமி, செல்லமுத்துவின் ஒரே தங்கை பாவாயியின் புருஷன். வெளியே எறியப்பட்ட அப்பாசாமி பிழைக்கவில்லை. செல்லமுத்துவுக்குத் தோள்பட்டை இறங்கியதோடு சரி. அவர் முழுசாக எழுந்து வந்ததுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

முந்தின ராத்திரி கோயில் நோம்பி, ஊர்த் திருவிழா. ஊரில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் லோடு ஏற்றிக்கொண்டு மச்சானும் மாப்பிள்ளையும் கிளம்பிவிட்டார்கள். சோளக்காட்டு வண்டி ஸ்டாண்டில் யுவராஜ் என்று ஒரு டிரைவர். அன்று காலை டீக்கடையில் செல்லமுத்து கொட்டாவி விட்டதை என் கண்ணால் பார்த்தேன் என்றான். அந்த ஒரு கொட்டாவி மத்தியானத்துக்குள் நாலு ஆனது, பொழுது சாய்வதற்குள் குறட்டையே ஆகிவிட்டது. கை கால் மூக்கு வைத்துப் பேசுவதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியுமா? போலீஸ் போட்ட கேஸ் ஒரு வழியாக முடிந்தது, ஊர் போட்ட கேஸ் முடியவில்லை.

செல்லமுத்து மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை, ஏனென்றால் அவருக்கே தெரியவில்லை. இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது? அவருக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று: வளைவில் ஸ்டியரிங் திடீரென்று கையில் கனமே இல்லாமல் சுற்றியது. தூங்கித் திடுக்கிட்டு விழித்தவனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வண்டியைத் தூக்கியபோது, முன்சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் ஆர்ம் என்ற இரும்புக் கை ரெண்டாக முறிந்து கிடந்தது. உருண்டதில் முறிந்திருக்கும் என்றார் மெக்கானிக். முறிந்ததால் உருண்டதா, உருண்டதால் முறிந்ததா என்று சொல்லக்கூடியவர்கள் ரெண்டே பேர். ஒருவர் செத்துப்போனார், இன்னொருவருக்கு ஞாபகம் இல்லை. கண்ணை மூடினேனா, மூடவில்லையா என்று தன்னையே கேட்டுக் கேட்டு, மூடியிருப்பேன் என்றே செல்லமுத்து முடிவுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் எந்த வண்டியையும் தொடவில்லை. அடுத்தவர் மரவள்ளிக் காட்டில் கூலிக்குப் போனார்.

பாவாயி சண்டை போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அண்ணனிடம் பேசுவதை மட்டும் நிறுத்தினாள். ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்றால் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்லுவாள், யாரும் இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டியிடம் சொல்லுவாள். அண்ணனும் ஆட்டுக்குட்டிக்கே பதில் சொல்லிவிட்டுப் போவார்.

உயிர் குடித்த இரும்பை இந்தப் பக்கம் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, பழைய இரும்புக்கும் போடுவதில்லை. அது கருப்பனாருக்கு உரியது. வளைவில், நாவல் மரத்தடியில், அருவாளும் வேலும் நட்ட இடத்தில், முறிந்த ஆக்சில்களும் நசுங்கிய ரிம்களும் சாத்தியிருக்கும். செல்லமுத்து வண்டியின் முறிந்த இரும்புக் கையின் ஒரு பாதியையும் அங்கேதான் வைத்தார்கள். மற்ற இரும்பெல்லாம் மழையிலும் மஞ்சிலும் துருவேறிக் கிடக்க, அமாவாசைக்கு அமாவாசை பாவாயி போய் அந்த ஒரு துண்டை மட்டும் துடைத்து, முறிந்த முகம் நனைய நனைய விளக்கெண்ணெய் ஊற்றி வருவாள். புருஷன்மேல் எவ்வளவு பாசம் என்று ஊர் உச்சுக் கொட்டியது.

இந்த வருஷம் மாசியில்தான் தஸ்லீம் மலையேறி வந்தாள். சலாம் பாயின் மகள். கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இன்ஜினியர். இரும்பு எவ்வளவு காலம் தாங்கும், ஏன் முறிகிறது என்று பார்ப்பதுதான் வேலை. பாய் இதை விவரித்துச் சொல்லத் தெரியாமல், இரும்புக்கு டாக்டருங்க என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். அவர்கள் கூடத்துக்கு ஒரு புது மினி லாரியின் முன்பாகம் எப்படித் தாங்குகிறது என்று நிஜ மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. டிரைவர் யார் என்றபோது பாய் யோசிக்கவே இல்லை. ஊர் என்ன வேணும்னாலும் பேசட்டும், அந்த வளைவுகளைச் செல்லமுத்து மாதிரி ஓட்ட ஆள் கிடையாது என்று மகளிடம் சொல்லி அனுப்பினார்.

செல்லமுத்து முடியவே முடியாது என்றார். தஸ்லீமும் விடவில்லை. வண்டியில் மணல் மூட்டைகள் மட்டும்தான் இருக்கும், ஆட்கள் இல்லை என்றாள். அவர் யோசித்துப் பார்த்தார். மணல் மூட்டைக்கு உயிர் இல்லை, அதற்காக அழுகிற தங்கையும் இல்லை. சரி என்றார், ஆனால் வேறு ஒருவரும் ஏறக்கூடாது, அம்மிணி, நீங்களும்தான் என்றார். சின்ன வயதில் லாரியில் தூக்கி உட்கார வைத்த குழந்தையை ஏன் ஏறக்கூடாது என்கிறார் என்று தஸ்லீமுக்குப் புரியவில்லை. அப்போது அவள் கேட்கவும் இல்லை.

அவள் செய்த வேலையைப் பார்த்துச் செல்லமுத்துவுக்குச் சிரிப்புதான் வந்தது. முன்சக்கரத்து இரும்பைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினாள். நகத்தளவு ஒரு மெல்லிய தகட்டைப் பசை வைத்து அதில் ஒட்டினாள். இரும்பு நீண்டால் அதுவும் நீளுமாம், சுருங்கினால் சுருங்குமாம், எவ்வளவு என்று ஒயர் வழியாக வண்டிக்குள் வைத்த ஒரு பெட்டிக்குச் சொல்லுமாம். இரும்பாவது நீளுவதாவது என்று அவர் மனதுக்குள் நினைத்துக்கொண்டார். பெரிய படிப்புப் படித்த பிள்ளை, எதையோ செய்துகொண்டு போகட்டும் என்று வண்டியை எடுத்தார்.

காரவல்லி வரை இறங்கி, திரும்ப ஏறி, சோளக்காட்டு டீக்கடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினார். தஸ்லீம் பானட்டின் மேல் லேப்டாப்பைத் திறந்து அவரைக் கூப்பிட்டாள். திரையில் ஒரு கோடு அலை அலையாக ஓடியது. இது உங்க முதல் வளைவு, இது அடுத்தது, இங்கே பிரேக் போட்டிருக்கிறீர்கள், இங்கே எதிரே பஸ் வந்து ஒதுங்கியிருக்கிறீர்கள் என்று அவள் விரல் வைத்துக்கொண்டே போனாள். செல்லமுத்துவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பாலத்தை ஒட்டின பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதுகூட ஒரு முள்ளாக நின்றது. அவர் மெதுவாகக் குனிந்து, தகடு ஒட்டிய அந்த இரும்பை எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷம் அது வெறும் இரும்பு என்றல்லவா நினைத்திருந்தார். தான் திருப்பின ஒவ்வொரு திருப்பும் அதற்குத் தெரிந்திருக்கிறது.

தஸ்லீம் தக்காளிப் பெட்டியில் கிடந்த கட்டுக்கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்து, வளைத்து நிமிர்த்தச் சொன்னாள். வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி, கொஞ்ச நேரத்தில் கம்பி பட்டென்று முறிந்தது. அடிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. வண்டி இரும்பும் ஒவ்வொரு வளைவிலும் இதைத்தான் செய்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில் செய்கிறது என்றாள்.

“இரும்பும் ஓஞ்சு போகும்ணா. உலோகச் சோர்வுன்னு சொல்லுவோம். நம்ம அலுப்பு படுத்து எந்திரிச்சாத் தீந்துடும். இரும்புக்கு அது கிடையாது. பட்டது பட்டதுதான்.”

அவர்கள் கூடத்தில் ஒரு ஹால் நிறைய மெஷின்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றும் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். ராப்பகலாக, வாரக்கணக்காக, லட்சக்கணக்கான தடவை. ஒரு துண்டு முறிந்ததும் தஸ்லீமும் கூட வேலை செய்கிறவர்களும் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய் முறிந்த முகத்தைப் பார்ப்பார்களாம். விரிசல் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, கடைசியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எல்லாம் அந்த முகத்திலேயே தெரியும் என்றாள்.

செல்லமுத்து முறிந்த கம்பியைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார். அப்புறம் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, முறிஞ்சு உளுந்துச்சா, உளுந்து முறிஞ்சுச்சான்னு கூடத் தெரியுமுங்களா?”

தெரியும் என்றாள் தஸ்லீம். ஏன் கேட்கிறீர்கள் என்றாள். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த டீக்கடைக்குப் பின்னால் நின்று அவர் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, மழையில் கிடந்த இரும்பு என்றால் துரு முகத்தைத் தின்றிருக்கும், ஒன்றும் தெரியாதே அண்ணா என்றாள் வருத்தமாக. அது துருவேறவில்லை என்றார் செல்லமுத்து. பாவாயி எண்ணெய் ஊற்றுகிறாள் என்று சொன்னதும் தஸ்லீம் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

இரும்பு கருப்பனாருடையது, ஆனால் கேட்க வேண்டியது பாவாயியை. அவள் வீட்டு வாசலில் செல்லமுத்து தள்ளியே நின்றுகொண்டார், தஸ்லீம்தான் பேசினாள். பாவாயி களத்தில் காய்ந்த மிளகைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள். அண்ணன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. மிளகைத் தள்ளி முடித்துவிட்டு, தஸ்லீமைப் பார்த்துச் சொன்னாள்.

“கருப்பனக் கேக்கோணும் கண்ணு. அவன் குடுத்தாப் பாரு. ஆனா எங்கண்ணு முன்னாலதான் பாக்கோணும். தூங்குனாரா இல்லியான்னு அந்த இரும்பாச்சும் சொல்லட்டும்.”

மறுநாள் காலை மூன்று பேரும் வளைவுக்கு வந்தார்கள், செல்லமுத்து மணல் வண்டியில் தனியாக, பெண்கள் ரெண்டு பேரும் பஸ்ஸில். பாவாயி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலமாக மடித்துக் கருப்பனார் முன்னால் போட்டாள். வெள்ளை வந்தால் எடுத்துக்கொள்ளலாம், சிவப்பு வந்தால் பேச்சே இல்லை. நீயே எடு என்றாள் தஸ்லீமிடம். நான் எடுக்கலாமுங்களா என்று அவள் தயங்கினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, செருப்பை ரோட்டோரம் விட்டுவிட்டு வந்தவள் ஓரடி தள்ளியே நின்றிருந்தாள். கேக்கறவ நீதானே, அப்ப நீதான் எடுக்கோணும் என்றாள் பாவாயி. தஸ்லீம் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

பாவாயி எண்ணெய் சொட்டுகிற அந்த இரும்பை எடுத்து அவள் ரெண்டு கையிலும் வைத்தாள்.

ரோட்டோரத் தடுப்புச் சுவரில் தஸ்லீம் ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள். நகப்பூச்சு வாசனை அடித்த ஏதோ ஒரு திரவத்தை ஊற்றி, மெத்தென்ற பிரஷ்ஷால் கழுவினாள். மூன்று வருஷத்து எண்ணெய் கறுப்பாக வழிந்தது. பிறகு ஒரு சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. கீழே எங்கோ ஒரு பஸ் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. செல்லமுத்து பாறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தூங்கினாய் என்று வந்துவிட்டால் அப்படியே இறங்கி எங்காவது போய்விடுவது என்று அவர் மனதில் முடிவு செய்திருந்தார். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

“முறிஞ்சுதான் விழுந்திருக்குண்ணா.”

அவர் திரும்பவில்லை. சரியாகக் கேட்டோமா என்று அவருக்குச் சந்தேகம். தஸ்லீம் அவர் தோளைத் தொட்டுக் கூட்டிவந்து கண்ணாடியைக் கொடுத்தாள். செல்லமுத்து பார்த்தார்.

முறிந்த முகத்தில் ஒரு ஓரத்திலிருந்து வரி வரியாகக் கோடுகள் கிளம்பியிருந்தன. வெட்டின மரத்தில் பாதி மட்டும் தெரிகிற வளையங்களைப் போல, ஒன்றைச் சுற்றி ஒன்று, முகம் முழுக்கப் பரவியிருந்தன. எதிர் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வேறு மாதிரி இருந்தது, உடைத்த வெல்லம் மாதிரி பொரபொரப்பாக. தஸ்லீம் நிதானமாகச் சொன்னாள். ஒரே அடியில் முறிந்திருந்தால் முகம் முழுக்க அந்த வெல்லம் மாதிரிதான் இருக்கும். இது அப்படி இல்லை. விரிசல் என்றைக்கோ பிறந்து, வளைவு வளைவாகத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. ஏற்றம், இறக்கம், லோடு, காலி, எல்லாம் இந்த வரிகளில் இருக்கிறது. கடைசியில் மிச்சம் இருந்தது அந்தக் கீற்று மட்டும். அது இந்த வளைவில் விட்டுவிட்டது.

“உங்க கண்ணு தெறந்திருந்துச்சா மூடியிருந்துச்சான்னு இரும்புக்குத் தெரியாதுண்ணா. ஆனா ஸ்டியரிங் கையில லேசாச்சுன்னு சொன்னீங்கல்ல? அப்ப கை திருப்பிட்டு இருந்திருக்கு. தூங்குறவர் வளைவுல திருப்ப மாட்டார். இது விட்டதுக்கு அப்புறம் யார் ஓட்டியிருந்தாலும் வண்டி திரும்பியிருக்காது.”

செல்லமுத்து அந்தக் கீற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தீக்குச்சிக் கனம் இருக்குமா? அவ்வளவுதான். அதை நம்பியா அந்தக் கடைசி நாட்களில் மலையை இறங்கினார்? ஒரு நிறைமாதப் பெண்ணைக் கொட்டுகிற மழையில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நோம்பிக்கு முந்தின வாரம் பெரக்கரை நாட்டு ஆட்களை ஏற்றி வந்தார், பின்னால் நின்றுகொண்டு பாடினார்கள். அத்தனை பேரையும் இந்தத் தீக்குச்சிக் கனம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. தன்னால் முடிகிற வரைக்கும், தன்னில் மிச்சம் இருந்த வரைக்கும் விடாமல் தாங்கியிருக்கிறது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அந்த இரும்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குள் தஸ்லீம் வரிகள் கிளம்பின இடத்துக்குக் கண்ணாடியை நகர்த்தியிருந்தாள். இங்கேதான் பிறந்திருக்கிறது, இங்கே எதையோ வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்றாள். அச்சில் வைத்து அடித்த நல்ல இரும்பு இது. ஒரு இடத்தில் மட்டும் நெருப்பாகக் காய்ச்சி இந்தக் குளிரில் ஆறவிட்டால், அந்த இடம் கண்ணாடி மாதிரி நொறுங்குகிற குணத்துக்கு வந்துவிடும். அங்கேதான் முடி மாதிரி ஒரு விரிசல் விட்டிருக்கிறது. இந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டாள்.

செல்லமுத்துவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அம்மன் கோயில் கயிற்றைக் கீழ்நாட்டு டிரைவர்கள் முன்னால் பம்பரில் கட்டுவார்கள். மலை டிரைவர்களுக்கு அது போதாது. வளைவில் உயிரைக் காப்பது சக்கரத்தைத் திருப்புகிற இரும்புதான், ஆகவே காப்புக் கயிறும் அதில்தான். கயிறு சேற்றில் அறுந்து அறுந்து போனதால், அங்கே ஒரு சின்ன வளையத்தை ஒட்டவைத்து அதில் கட்டிவிடு என்று யோசனை சொன்னது பாவாயி. வளையத்தைப் பார்த்து மற்ற டிரைவர்களும் வைத்துக்கொண்டார்கள். சோளக்காட்டில் நிற்கிற வண்டிகளில் பாதிக்கு இன்றைக்கும் அந்த வளையம் உண்டு.

அவர் பாவாயியின் முகத்தைப் பார்த்தார். மூன்று வருஷம் தான் சுமந்தது இப்போது யார் தலையில் ஏறப்போகிறது என்று தெரிந்துபோனது. அதன் கனம் அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? ஜாக்கி வைக்கும்போது பட்ட காயமாக இருக்கும் அம்மிணி, வேறொன்றும் இல்லை என்றார்.

“பொய் சொல்லாதண்ணா,” என்றாள் பாவாயி.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அப்புறம் தஸ்லீமிடம், வளையம் வைக்கச் சொன்னவள் நான்தான், அது இல்லாவிட்டால் இது தாங்கியிருக்குமா, எனக்காக மறைக்காமல் சொல் என்றாள்.

தஸ்லீம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். தாங்கியிருக்கும் அக்கா என்றாள். இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும். உங்களிடம் நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இதெல்லாம் எங்களுக்கு மட்டும் பிறக்கும்போதே தெரிந்ததா? எங்கேயோ ஏதோ முறிந்து, யாரோ செத்து, அதற்கப்புறம்தான் படித்தவர்களும் படித்தார்கள். எங்கள் பாடம் ஒவ்வொன்றுக்கும் அடியில் இப்படி ஒரு துண்டு கிடக்கிறது என்றாள்.

பாவாயி சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. துணியில் கிடந்த இரும்பையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“நா பாசத்துல எண்ணெ ஊத்துலண்ணா. ஊரு அப்புடி நெனச்சுக்கிச்சு. நீ இந்த வழியாத்தான போவ, வருவ. போறப்பெல்லாம் இது பளபளன்னு உங்கண்ணுல குத்தோணும்னு ஊத்துனேன். துருப்புடிச்சு மண்ணாப் போச்சுன்னா நீ மறந்துருவேன்னு ஊத்துனேன்.”

செல்லமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்ல வேளை சாமி, நீ கோவப்பட்டே,” என்றார். “பாசத்துல அழுதுட்டு ஊட்டுலயே இருந்திருந்தீன்னா இதத் துரு தின்னிருக்கும். நாஞ் சாவற வரைக்கும் கொலகாரன்.”

அப்போதுதான் பாவாயி அழுதாள். அண்ணனும் அழுதார். தஸ்லீம் பிரஷ்ஷைக் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அழுது முடித்ததும் பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சோளக்காட்டில் இன்று சந்தை, வண்டியெல்லாம் நிற்கும், கிளம்பு என்றாள். யாரையும் கேட்காமல் போய் மணல் வண்டியின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். செல்லமுத்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணலுக்குத்தான் இடமா, எனக்கு இல்லையா என்றாள். தஸ்லீமும் ஏறி அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவர் வண்டியை எடுத்தார். கை வளைவுக்கு வளைவு சரியாகத்தான் திருப்பியது.

ஸ்டாண்டில் டிரைவர்கள் கூடியிருந்தார்கள். பாவாயி நடுவில் போய் நின்று, நடந்தது அத்தனையும் தன் வாயால் சொன்னாள். வளையம் வைக்கச் சொன்னவள் தான் என்பதையும் விடவில்லை. நம்பியவர்கள் பாதி, நமட்டுச் சிரிப்புச் சிரித்தவர்கள் பாதி. யுவராஜ் சிரித்த கூட்டத்தில் இருந்தான். அண்ணன்மேல் பாசம் வந்துவிட்டது, இன்ஜினியர் அம்மாவும் சேர்ந்துகொண்டது என்றான். உன் வண்டியைப் பார்க்கலாமா என்று தஸ்லீம் கேட்டாள். எங்கு வேண்டுமானாலும் பாருங்கள், நாளைக்கு என் வண்டியில் கல்யாணக் கோஷ்டி இறங்குகிறது, பூட்டு சாவி மாதிரி கச்சிதமாக இருக்கும் என்றான் யுவராஜ்.

தஸ்லீம் வண்டிக்கு அடியில் படுத்து, வளையத்தைச் சுற்றித் துடைத்துச் சுத்தம் செய்தாள். சிவப்பு மருந்து ஒன்றைப் பூசி ஊறவிட்டாள். பிறகு அதைத் துளி இல்லாமல் துடைத்து எடுத்துவிட்டு, வெள்ளை மாவு மாதிரி ஒன்றைப் பீய்ச்சினாள். இரும்பு வெள்ளையாக, ஒரு மறு இல்லாமல் இருந்தது. பார்த்தீங்களா என்று யுவராஜ் வாயெடுத்தான். அதற்குள், தொடுவாரில்லாமல், வெள்ளைக்குள்ளிருந்து தானாக ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. வளையத்தடியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஒரு விரல்கடை போய் நின்றது. விரிசலுக்குள் புகுந்த சிவப்பு வெளியே வருகிறது என்றாள் தஸ்லீம். யுவராஜ் தன் வண்டி டயரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வண்டிக்கு அடியில் குனிந்தார்கள். பாவாயி வண்டி வண்டியாகப் போய் நின்று, இதையும் பாரு கண்ணு, இதையும் பாரு என்று தஸ்லீமை இழுத்துக்கொண்டிருந்தாள். வேலை மத்தியானத்தைத் தாண்டியும் முடியவில்லை.

யுவராஜ் எழுந்து செல்லமுத்துவைத் தேடினான். காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா, என்ன சொல்வது என்று அவனுக்கே தெரியவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். ஸ்டாண்டில் அவர் இல்லை, டீக்கடையில் இல்லை. ஒதுக்குப்புறமாக நின்ற மணல் வண்டியின் கதவைத் திறக்கப் போனான். ஸ்டியரிங்கின் மேல் கைகளை மடித்து, அதில் தலையைச் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்திருக்க, செல்லமுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே வந்த பாவாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுப்பாத சாமி. எங்கண்ணன் தூங்கட்டும்.”